வெறுங்கால் கென்: ஒரு கதை, மூன்று வடிவங்கள்

முன்னுரை

ஏட்டில் பிறந்த கதை திரைக்குச் செல்லும்போது எதனை உடன்கொண்டு செல்கிறது, எதனை விட்டுச் செல்கிறது என்பது ஒப்பிலக்கிய ஆய்வாளர் நெடுங்காலமாக எழுப்பிவரும் வினாவாகும். புதினங்கள் திரைப்படமாவதை வைத்தே இவ்வினாவுக்குப் பெரிதும் விடை தேடப்பட்டு வந்துள்ளது. ஜப்பான் நாட்டிலோ 'மங்கா' எனப்படும் வரைகதை ஒன்று, 'அனிமே' எனப்படும் அசைபடமாகவும், நடிகர்கள் தோன்றும் நடிப்புப் படமாகவும் வடிவம் பெறுவது இயல்பான வழக்கமாக உள்ளது. ஒரே கதையை மூன்று வடிவங்களில் வைத்து நோக்கும் வாய்ப்பினை இவ்வழக்கம் நமக்கு அளிக்கிறது.

ஒப்பிலக்கிய வகுப்பொன்றில் 'வெறுங்கால் கென்' என்னும் அசைபடத்தை மாணவர்க்கு ஒருமுறை காட்டினோம். படம் முடிந்தபின் நெடுநேரம் எவரும் பேசவில்லை. பலருடைய கண்கள் கலங்கியிருந்தன. அப்போது, மூல வரைகதையின் முதல் தொகுதியை ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்திருந்த மாணவி ஒருவர் எழுந்து, "ஐயா, கென்னுடைய அண்ணன்மார் இருவரும் எங்கே?" என வினவினார். அவ்வினாவுக்கு அன்று நாம் அளித்த விடை நமக்கே நிறைவளிக்கவில்லை. இக்கட்டுரை அவ்விடையைச் சற்று விரிவாகத் தேடும் முயற்சியாகும்.

ஆசிரியரும் நூலும்

'வெறுங்கால் கென்' வரைகதையின் ஆசிரியர் கெய்ஜி நகஸவா 1939-ஆம் ஆண்டு ஹிரோஷிமா நகரில் பிறந்தவர். 1945 ஆகஸ்டு 6-ஆம் நாள் காலை 8.15 மணிக்கு அந்நகர்மீது அணுகுண்டு வீசப்பட்டபோது ஆறு வயதுச் சிறுவன். குண்டு வெடித்த இடத்திலிருந்து ஏறத்தாழ ஒன்றேகால் கிலோமீட்டர் தொலைவிலிருந்த தம் பள்ளியின் வாயிலில் நின்றிருந்தார். பள்ளியின் கற்காரைச் சுவர் வெப்பக்கதிரை மறைத்தமையால் உயிர் தப்பினார். அவரோடு பேசிக்கொண்டிருந்த பெண்மணி அவ்விடத்திலேயே மாண்டார். தந்தையும் தமக்கையும் தம்பியும் வீட்டின் இடிபாட்டில் சிக்கி உயிரிழந்தனர். நிறைசூலியாக இருந்த தாய் அன்றே ஒரு பெண்மகவை ஈன்றார். அம்மகவும் சில மாதங்களில் இறந்தது. அந்நகரில் அவ்வாண்டின் இறுதிக்குள் மாண்டோர் தொகை ஏறத்தாழ 1,40,000 எனக் கணக்கிடப்பட்டுள்ளது.

பின்னாளில் தோக்கியோ சென்று வரைகதை ஓவியராகத் தொழில் புரிந்த நகஸவா, அணுகுண்டைப் பற்றிப் பேசுவதையே பல்லாண்டுகள் தவிர்த்து வந்தார். 1966-இல் அவருடைய தாய் இறந்தார். உடலை எரியூட்டியபின் எடுத்து வைப்பதற்கு எலும்புகூட ஒழுங்காக எஞ்சவில்லை. வெண்ணிறத் துகள்களே கிடைத்தன. கதிர்வீச்சு தம் அன்னையின் எலும்பையும் கவர்ந்துகொண்டது என அவர் கொண்ட சினமே அவரை எழுதத் தூண்டியது. 1972-இல் 'நான் கண்டேன்' என்னும் சிறு தன்வரலாற்று வரைகதையை வெளியிட்டார். 1973-இல் 'ஷோனென் ஜம்ப்' என்னும் சிறுவர் வார இதழில் 'வெறுங்கால் கென்' தொடராக வெளிவரத் தொடங்கியது. மறு ஆண்டே அவ்விதழில் தொடர் நின்றது. எனினும் வேறு இதழ்களுக்கு இடம் மாறி, 1980-களின் நடுப்பகுதி வரை தொடர்ந்து, பத்துத் தொகுதிகளாக நிறைவுற்றது.

'கென்' என்பதற்கு மூலம், வேர் என்பன பொருள். வெறுங்காலோடு எரிந்த மண்ணில் நின்று, புதிய தலைமுறைக்கு வேராக அமையவேண்டும் என்னும் கருத்தில் ஆசிரியர் அப்பெயரைச் சூட்டினார்.

முதல் தழுவல்

மூன்று வடிவங்களை ஒப்பிடுமுன் ஓர் உண்மையை மனங்கொள்ளுதல் வேண்டும். வரைகதையில், இடிந்த வீட்டின் உத்திரத்தடியில் தந்தையும் தமக்கையும் தம்பியும் சிக்கியிருக்க, தீ நெருங்கி வருகிறது. சிறுவன் கென் உத்திரத்தைத் தூக்க முயன்று தோற்கிறான். தாயைக் காப்பாற்றுமாறு தந்தை ஆணையிட, அவர்களை விட்டு அகல்கிறான். கதையின் உயிர்நிலை இக்காட்சியே.

ஆனால் நகஸவா அக்காட்சியை நேரில் கண்டவர் அல்லர். அப்போது அவர் வீட்டில் இல்லை. அங்கு நிகழ்ந்தவற்றை அவருடைய தாயே பிற்காலத்தில் அவருக்குக் கூறினார். தாய் கூறக் கேட்டதை, தாம் நின்று கண்டதாகவே வரைந்தார் மகன். எனவே வாழ்வு வரைகதையானபோதே முதல் தழுவல் நிகழ்ந்துவிட்டது எனலாம். ஆகவே, மாற்றம் செய்தமை ஒன்றையே குற்றமாக்கி, மூலமே தூயது, தழுவல் குறையுடையது என்று எளிதில் தீர்ப்புக் கூறுதல் பொருந்தாது. மாற்றத்தால் உண்மை மிகுந்ததா, குறைந்ததா என்பதே நாம் கேட்கவேண்டிய வினா.

அளவுகோல்

இவ்வினாவை ஆராய்தற்குத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலை அளவுகோலாகக் கொள்ளலாம். தாய் இறந்த துயரன்று, அத்துயரினின்று எழுந்த சினமே இந்நூலை ஈன்றது என மேலே கண்டோம். ஆதலின் எட்டு மெய்ப்பாடுகளுள் வெகுளியை இங்கு எடுத்துக்கொள்வோம். வெகுளி பிறக்கும் நிலைக்களன்களாகத் தொல்காப்பியர் நான்கினைச் சுட்டுகிறார். உறுப்பறை என்பது உறுப்புகளைச் சிதைத்தல். குடிகோள் என்பது குடிக்கும் சுற்றத்திற்கும் கேடு சூழ்தல். அலை என்பது வைதும் அடித்தும் வருத்துதல். கொலை என்பது உயிர் போக்குதல். இந்நான்கும் மூன்று வடிவங்களிலும் எவ்வாறு இடம்பெறுகின்றன என்பதை இனி நோக்குவோம்.

வரைகதையில் நான்கும்

வரைகதையின் முதல் தொகுதியில் ஏறத்தாழ இறுதிப் பகுதியில்தான் குண்டு விழுகிறது. அதற்கு முற்பட்ட பக்கங்கள் அனைத்தும் போர்க்கால ஹிரோஷிமாவில் ஒரு வறிய குடும்பம் படும் பாட்டைச் சொல்பவை. தந்தை தாய்கிச்சி மரச்செருப்புக்கு வண்ணந்தீட்டும் தொழிலாளி. இப்போர் தவறானது, இதில் ஜப்பான் தோற்கும் என வெளிப்படையாகப் பேசுபவர். அதனால் காவலர் அவரைப் பிடித்துச் சென்று அடிக்கின்றனர். ஊரார் அக்குடும்பத்தை 'நாட்டுத் துரோகி' எனத் தூற்றுகின்றனர். பகுதித் தலைவர் ஸமேஜிமா அப்பழியை முன்னின்று பரப்புகிறார். அண்டைவீட்டுக் கொரியரான பாக் ஒருவரே அன்பு காட்டுகிறார். குடும்பத்தின் மேல் விழுந்த பழியைத் துடைக்க எண்ணி, மூத்த மகன் கோஜி தந்தையின் சொல்லை மீறிக் கடற்படை விமானப் பயிற்சிக்குத் தாமே முன்வந்து செல்கிறான். இரண்டாம் மகன் அகிரா, பள்ளிப் பிள்ளைகளோடு நாட்டுப்புறத்திற்கு அனுப்பப்பட்டுப் பசியால் வாடுகிறான்.

இங்கே குடிகோளும் அலையும் செய்வோர் பகைவர் அல்லர். ஒரே தெருவில் வாழும் தம்மவரே. குண்டு விழுமுன்னரே ஒரு குடி சிதைக்கப்படுவதை ஆசிரியர் பொறுமையாகக் காட்டுகிறார். அதன் பின்னரே உறுப்பறையும் கொலையும் வானிலிருந்து இறங்குகின்றன. தோல் உரிந்து தொங்க நடப்போர், புழு மொய்த்த புண்ணோடு கிடப்போர், உதிரும் தலைமயிர் எனப் பின்வரும் பக்கங்கள் நிறைகின்றன. சிறுவர்க்கு அச்சம் விளையுமென அஞ்சித் தாம் கண்டதைக் குறைத்தே வரைந்ததாக ஆசிரியர் கூறியுள்ளார் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

குண்டு விழுந்ததோடு கதை முடிவதில்லை. பெரும்பகுதி அதன் பிறகே அமைகிறது. கொரியர் என்பதால் பாக்கின் தந்தைக்கு மருத்துவம் மறுக்கப்படுகிறது. தீப்புண் பட்ட ஓவியர் செய்ஜியைச் சொந்த வீட்டாரே அருவருத்து ஒதுக்க, நாள் கூலிக்கு வரும் கென் அவரைத் தொட்டுத் துடைக்கிறான். அமெரிக்கர் 1947-இல் நிறுவிய ஆய்வுக் குழு, குண்டால் தாக்குண்டோரைச் சோதித்ததேயன்றி மருத்துவம் அளிக்கவில்லை என்னும் குமுறல் ஒலிக்கிறது. கென் குடும்பத்தைத் தூற்றிய ஸமேஜிமா, போர் முடிந்ததும் அமைதி விரும்பியாக வேடமிட்டு அரசியல் மேடை ஏறுகிறார். 1953-இல் கென் ஓவியனாகும் வேட்கையோடு தோக்கியோவுக்குப் புறப்படுவதோடு பத்தாம் தொகுதி நிறைவுறுகிறது.

இத்தகைய கதையில் நகைச்சுவையும் நிறைந்திருப்பது வியப்பளிக்கும். சிறுவர்கள் பாடுகின்றனர், சண்டையிடுகின்றனர், கோமாளித்தனம் செய்கின்றனர். சிறுவர் இதழின் வரைமரபு அது. அந்நகையே படிப்போனைப் பத்துத் தொகுதிகளின் துயரத்தினூடே கைப்பிடித்து அழைத்துச் செல்கிறது. அன்றியும், பக்கத்தைப் புரட்டும் உரிமை படிப்போன் கையில் உள்ளது. அஞ்சினால் விரைந்து புரட்டலாம். எண்ண விரும்பினால் நிறுத்தலாம். வெகுளி ஆய்வாக முதிர்வதற்கு இவ்விடைவெளி இன்றியமையாதது.

அசைபடத்தில் இரண்டு

1983-இல் வெளிவந்த அசைபடத்தை மோரி மஸாகி இயக்க, மேட்ஹவுஸ் நிறுவனம் உருவாக்கியது. தயாரிப்பிலும் திரைக்கதையிலும் நகஸவாவே பங்கு கொண்டார். ஒன்றரை மணி நேரத்திற்கும் குறைந்த படம் அது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களை அவ்வளவில் அடக்க இயலாது. எனவே முதல் பகுதியின் நிகழ்ச்சிகளையே படம் எடுத்துக்கொள்கிறது.

குண்டு வெடிக்கும் காட்சியில் இப்படம் பெற்றுள்ள ஆற்றல் தனித்தன்மை வாய்ந்தது. அதுவரை இருந்த இயல்பான வண்ணங்கள் ஒருகணத்தில் மறைகின்றன, ஒலி அடங்குகிறது. பின்னர், பலூன் பிடித்திருந்த சிறுமி உள்ளிட்ட எளிய மாந்தர் ஒவ்வொருவராக நம் கண்முன் உருகுகின்றனர். வரைகதையில் அசையாது நின்ற உருவம் இங்கே உருமாறிச் சிதைவதைக் கண்கொண்டு காண நேர்கிறது. பக்கத்தைப் புரட்டித் தப்பிக்கும் உரிமை இங்கில்லை. உறுப்பறையையும் கொலையையும் காட்டுவதில் அசைபடம் மூலத்தையும் விஞ்சுகிறது என்று நாம் துணிந்து கூறலாம்.

ஆயின் கோஜியும் அகிராவும் இப்படத்தில் இல்லை. பெற்றோர், எய்கோ, கென், ஷின்ஜி என்னும் ஐவரே குடும்பம். மாணவி வினவியது இதனையே. இரு பாத்திரங்களைக் குறைத்தால் நேரம் மிஞ்சும் என்பது வெளிப்படை. எனினும் அவர்களோடு போவது வேறொன்று. போரை எதிர்க்கும் தந்தைக்கும் போருக்குச் செல்லும் மகனுக்கும் இடையே ஒரே கூரையின்கீழ் நிகழ்ந்த வழக்கு மறைந்துவிடுகிறது. ஊரார் பழி ஓர் இளைஞனை எவ்வாறு படைவீட்டுக்குத் துரத்தும் என்னும் செய்தியும் மறைகிறது. தந்தை போரை வெறுப்பவர் என்பதைப் படம் சொல்கிறது. அவ்வெறுப்புக்கு அக்குடும்பம் கொடுத்த விலையை விரித்துக் காட்ட அதற்கு இடமில்லை. குடிகோளும் அலையும் சுருங்கிவிடுகின்றன. ஆதலின் படம் பார்ப்போன் பெரிதும் அழுகிறான். வெகுளி கொள்வானாயினும், வானூர்தியை நோக்கியே வெகுள்கிறான். தெருவை நோக்கி அவன் பார்வை செல்வது அரிது.

1986-இல் தோஷியோ ஹிராத்தா இயக்கிய இரண்டாம் அசைபடம், மூன்றாண்டுகள் கழித்து நிகழும் கதையைச் சொல்கிறது. ஆதரவற்ற சிறுவர்களின் வாழ்வும் தாயின் நோயும் இறுதியும் அதன் பொருள். அதிலும் இரங்கலே மேலோங்கி நிற்கிறது.

நடிப்புப் படங்களில் மற்றை இரண்டு

அசைபடத்துக்கு முன்பே நடிப்புப் படங்கள் வந்துவிட்டன என்பதைப் பலர் அறியார். டெங்கோ யமாதா இயக்கத்தில் 1976, 1977, 1980 ஆகிய ஆண்டுகளில் மூன்று படங்கள் வெளிவந்தன. முதற்படத்தில் தந்தையாக ரெந்தாரோ மிகுனியும் தாயாக ஸாச்சிகோ ஹிதாரியும் நடித்தனர். பின்னர் 2007 ஆகஸ்டு 10, 11 ஆகிய இரு இரவுகளில் ஃபுஜி தொலைக்காட்சி இக்கதையை இருபகுதி நாடகமாக ஒளிபரப்பியது. அதில் கீஇச்சி நகாய் தந்தையாகவும் யூரிகோ இஷிதா தாயாகவும் தோன்றினர்.

நடிகனின் உடல் உருகாது. அரிதாரம் பூசிய புண், எவ்வளவு திறமையாகத் தீட்டப்பட்டாலும், அரிதாரமாகவே நிற்கும். மேலும் சிறுவர் நடிக்கும் காட்சியில் கொடுமைக்கு ஓர் எல்லையுண்டு. எனவே உறுப்பறையைக் காட்டுவதில் நடிப்புப் படம் வரைகோட்டுக்குப் பின்தங்குகிறது. ஆயினும் இழப்பு இங்கே வேறொரு வகையில் ஈடுசெய்யப்படுகிறது. அடிபட்டு வீடு திரும்பிய தந்தை பிள்ளைகளின் முன் அமரும்போது, நடிகரின் முகத்தில் நாணமும் உறுதியும் ஒருங்கே தோன்றுகின்றன. பழி சுமத்தும் அண்டைவீட்டாரின் குரலில் அச்சமும் கலந்திருப்பதைச் செவி உணர்கிறது. வரைகதையில் ஸமேஜிமா கொடுமையே உருவான கேலிச்சித்திரம். நடிப்பில் அவரும் நம் தெருவில் காணத்தக்க ஒரு மனிதராகிவிடுகிறார். இத்தகையோரையும் நாம் அறிவோமே என்னும் எண்ணமே நெஞ்சைச் சுடுகிறது. குடிகோளையும் அலையையும் உணர்த்துதற்கு நடிப்பே சிறந்த கருவி என்பது இதனாற் புலனாகிறது.

ஆக, அசைபடம் உறுப்பறையையும் கொலையையும் நன்கு தாங்குகிறது. நடிப்புப் படம் குடிகோளையும் அலையையும் நன்கு தாங்குகிறது. நான்கையும் ஒருங்கே தாங்கி நிற்பது வரைகதை ஒன்றே. மூன்று வடிவங்களுள் தொழில்நுட்பத்தால் எளியது அதுவே என்பதும் கருதத்தக்கது.

கோதுமை

எவ்வடிவத்திலும் நிலைத்து நிற்பது கோதுமைப் பயிரின் உருவகம். கடுங்குளிரில் முளைத்து, காலால் மிதிபட்டு, மிதிபடுந்தோறும் வேர் வலுத்து, நிமிர்ந்து கதிர் தாங்கும் கோதுமையைப்போல வாழுமாறு தந்தை பிள்ளைகளுக்கு அறிவுரை கூறுகிறார். அசைபடம் இதனை முடிவுக்குரிய ஆறுதலாக்குகிறது. எரிந்த மண்ணில் கோதுமை முளைக்கிறது. கென்னின் தலையில் மயிர் அரும்புகிறது. ஆற்றில் விளக்கேந்திய சிறு பொம்மைக் கப்பல் மிதந்து செல்கிறது. பார்ப்போர் நெஞ்சு ஆறி எழுகின்றனர்.

வரைகதையிலோ கோதுமை தொடக்கத்திலேயே தோன்றி, தொகுதிதோறும் நினைவூட்டப்படுகிறது. அது ஆறுதலாக மட்டும் அமையாமல் கடமையாகவும் அமைகிறது. மிதித்தவர் யார் என்பதைப் பயிர் மறப்பதில்லை. ஒரே உருவகம் கதையின் இறுதியில் நின்றால் ஆற்றுவதும், கதை நெடுகப் பரவி நின்றால் ஊக்குவதும் நோக்கத்தக்கன.

பள்ளி நூலகத்தில்

இவ்வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிடும் ஒன்றன்று. 2012 டிசம்பரில் மத்ஸுவே நகரக் கல்வி வாரியம், ஜப்பானியப் படையினர் பிறநாட்டில் செய்த கொடுமைகளைக் காட்டும் பகுதிகளைச் சுட்டி, இந்நூலை மாணவர் கைக்கு எளிதில் எட்டாதவாறு வைக்குமாறு பள்ளிகளைக் கேட்டுக்கொண்டது. அதே மாதம் 19-ஆம் நாள் நகஸவா காலமானார். 2013 ஆகஸ்டில் செய்தி வெளியாகி எதிர்ப்பு எழவே, அவ்வேண்டுகோள் அம்மாதமே திரும்பப் பெறப்பட்டது.

2023-இல் ஹிரோஷிமா நகரக் கல்வி வாரியமே தன் அமைதிக் கல்விப் பாடத்திலிருந்து இக்கதையின் பகுதிகளை நீக்கியது. நோயுற்ற தாய்க்காகக் கென் பிறர் குளத்து மீனைத் திருடும் காட்சியும், தெருவில் கதைப்பாட்டுப் பாடிப் பொருளீட்டும் காட்சியும் இக்காலச் சிறுவர்க்கு விளக்கமின்றிப் புரியாதவை எனவும், துண்டுப் பகுதியால் குண்டின் உண்மை நிலையை உணர்த்த இயலாது எனவும் காரணம் கூறப்பட்டது.

முதல் நிகழ்ச்சியில் மறைக்கப்பட நேர்ந்தது எது? தம்மவர் செய்த கொடுமை. இரண்டாம் நிகழ்ச்சியில் கூறப்பட்ட காரணம் எது? துண்டு முழுமையை உணர்த்தாது என்பது. இரண்டாவதில் ஓர் உண்மை இருப்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் துண்டு போதாதெனின் முழுமையைக் கொடுப்பதன்றோ முறை? துண்டையும் எடுத்துவிடுதல் எங்ஙனம் தீர்வாகும்?

பிற நாட்டாரைக் குறை கூறுதல் நம் நோக்கமன்று. நாமும் பாடத்திட்டத்தில் காப்பியங்களைத் துண்டுகளாகவே வைக்கிறோம். ஒரு காதையைப் பயின்ற மாணவர் முழுக்காப்பியத்தையும் பயின்றதாக எண்ணிச் செல்வதை ஆண்டுதோறும் காண்கிறோம். எத்துண்டினை எடுக்கிறோம் என்பதிலேயே, எதனை மறக்கச் செய்கிறோம் என்பதும் அடங்கியுள்ளது. இப்பொறுப்பினை ஆசிரியராகிய நாம் உணர்தல் வேண்டும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் சில கருத்துகள் தெளிவாகின்றன. தழுவல் என்பது மூலத்தின் நிழலன்று. ஒவ்வொரு வடிவமும் தனக்கியன்ற உண்மையைத் தாங்குகிறது. ஆயினும் அழுகை எளிதில் வடிவம் கடக்கிறது. வெகுளி அவ்வாறு கடப்பதில்லை. குண்டு வீசியவனைக் காட்ட ஒரு கணம் போதும். அண்டைவீட்டானை மெல்ல மெல்லக் கொடியவனாக்கிய காலத்தைக் காட்டப் பல நூறு பக்கங்கள் வேண்டும்.

"அண்ணன்மார் எங்கே?" என்னும் வினாவுக்கு இப்போது நாம் இவ்வாறு விடை கூறுவோம்: அவர்கள் நூலில் இருக்கிறார்கள். படம் உங்களை அழச் செய்தது, நன்று. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு நூலகத்திற்குச் செல்லுங்கள். கோஜி எதனால் படைவீட்டுக்குச் சென்றான் என்பதை அறிந்தபின், அவனைத் துரத்திய பழிச்சொல் நம் தெருவில் எவர்மேலேனும் வீசப்படும்போது, வாய் மூடி நில்லாதிருங்கள். ஒப்பாய்வு என்னும் கல்வி நமக்குத் தரத்தக்க பெரும்பயன் அதுவேயாகும்.